சண்டே ஸ்கூலில் என் மகள் எதைக் கற்றுக்கொள்கிறாள்? முற்போக்குச் சபைப் பெற்றோர் கொஞ்சம் சொல்லுங்கள்

நெல்லைமகள் (டொராண்டோ)

எல்லாருக்கும் வணக்கம். நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஊரில் வளர்ந்தவள். காலையில் கோயில் மணி, சண்டே ஸ்கூல், அப்புறம் ஆராதனை, மத்தியானம் கறிக்குழம்பு. வாராவாரம் மனப்பாட வசனம் உண்டு. தப்பில்லாமல் ஒப்பித்தால் ஒரு சின்னப் படம் கொடுப்பார்கள். அந்தப் படங்களை இன்னும் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன்.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது வி.பி.எஸ்.ஸில், அதாவது விடுமுறை வேதாகமப் பள்ளியில், ஓர் அண்ணன் நரகத்தைப் பற்றிப் பாடம் எடுத்தார். பலகை முழுக்கத் தீ வரைந்தார். இயேசு திடீரென்று திரும்பி வரும் இரகசிய வருகையில் விசுவாசிகள் மட்டும் எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மற்றவர்கள் கைவிடப்படுவார்கள் என்றார். சில நாள் கழித்து வெளியே விளையாடிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கதவு திறந்திருக்கிறது. அடுப்பில் பால் இருக்கிறது. அம்மா இல்லை. அம்மாவை எடுத்துக்கொண்டார்கள், என்னை விட்டுவிட்டார்கள் என்று முற்றத்தில் உட்கார்ந்து அழுதேன். அம்மா பக்கத்து வீட்டுக்கு உறைமோர் வாங்கப் போயிருந்தாள். அதற்கப்புறம் பல வருடம், அம்மா ஐந்து நிமிடம் பிந்தினாலும் எனக்கு வயிறு கலங்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அதனால்தான் இங்கே வந்தபின் கனடாவின் யுனைடெட் சர்ச்சைச் சேர்ந்த, கேள்விகளுக்கு இடம் கொடுக்கும் ஒரு முற்போக்கான சபைக்குப் போக ஆரம்பித்தோம். ஐந்து வருடம் ஆகிறது. என் மகளுக்கு ஒன்பது வயது. ஆராதனையின் தொடக்கத்தில் பிள்ளைகளை முன்னால் அழைத்துச் சில நிமிடம் பேசுவார்கள், பிறகு அவர்கள் கீழே வகுப்புக்குப் போவார்கள். அங்கே யாரும் அவளைப் பயமுறுத்துவதில்லை. "உனக்கு என்ன தோன்றுகிறது?" என்றுதான் கேட்கிறார்கள். ஏழைகளுக்கு உணவு சேகரிக்கிறாள், ஆற்றங்கரையில் குப்பை பொறுக்குகிறாள். எல்லாம் நல்லதுதான்.

போன குளிர்காலத்தில் எங்கள் தளத்தில் எதிர்வீட்டுப் பாட்டி இறந்துபோனார். என் மகளுக்குத் தினமும் பிஸ்கட் கொடுப்பவர். அன்று இரவு இவள் கட்டிலில் உட்கார்ந்து, "அம்மா, இப்போ என்ன சொல்லி ஜெபம் பண்ணணும்?" என்று கேட்டாள். ஐந்து வருடம் சண்டே ஸ்கூல் போன பிள்ளையிடம் அந்த நேரத்துக்கு ஒரு சொல்லும் இல்லை.

இப்போது என் அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். வந்த இரண்டாம் நாள் பேத்தியிடம், கர்த்தர் என் மேய்ப்பர் என்று தொடங்கும் வேதாகமப் பாட்டைக் கேட்டு, "சங்கீதம் 23 சொல்லு பாப்பா" என்றார். "அது எந்தப் பாட்டு ஆச்சி?" என்றாள். அம்மா என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது.

எனக்குப் பழையபடி அந்தத் தீப் படம் வேண்டாம். ஆனால் வெறுங்கையோடு பிள்ளையை அனுப்பவும் மனம் வரவில்லை. முற்போக்கான சபைகளில் பிள்ளைகளை வளர்ப்பவர்கள், அங்கே பாடம் எடுப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

பாளை ஆசிரியர்

தங்கச்சி, முதலில் அந்த எட்டு வயதுப் பிள்ளைக்காக வருத்தப்படுகிறேன். நான் பாளையங்கோட்டையில் 31 வருடம் சண்டே ஸ்கூல் எடுத்தவன். பயத்தை வைத்துப் பிள்ளைகளை உட்கார வைப்பது சுலபம். நானும் அதைச் செய்திருக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன். 1994 வாக்கில் என் வகுப்பில் ஒரு பையன். நோவா பேழைப் பாடம். "சார், வெள்ளத்தில் செத்த சின்னப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லும் தைரியமும் இல்லை. "அதெல்லாம் கேட்கக் கூடாது, உட்காரு" என்றேன். அவன் உட்கார்ந்தான். அடுத்த மாதத்திலிருந்து வரவில்லை. அவன் முகம் எனக்கு இன்றும் தெரியும்.

இருந்தாலும் மனப்பாடத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அர்த்தம் புரியாமல் ஏன் ஒப்பிக்க வேண்டும் என்று இப்போது கேட்கிறார்கள். நமக்கு ஆத்திசூடி எந்த வயதில் சொல்லிக் கொடுத்தார்கள்? திருக்குறள்? அர்த்தம் பின்னால் வந்து உட்காரும். அது உட்காருவதற்கு ஒரு இடம் வேண்டும் அல்லவா? அந்த இடத்தைப் பத்து வயதுக்குள் போட்டுவிட வேண்டும். உங்கள் மகளுக்குச் சொல் இல்லாமல் போனது அதனால்தான்.

வின்னிபெக் அக்கா

நான் இதே சபைப் பிரிவில்தான் பிள்ளைகள் பகுதியைப் பொறுப்பெடுத்து நடத்துகிறேன். ஊர் யாழ்ப்பாணம். சின்ன வயதில் ஞாயிறு பாடசாலைப் பரிசளிப்புக்குச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு போன ஆள். அதனால் உங்கள் அம்மாவின் பார்வையும் எனக்கு விளங்குகிறது.

எங்கள் பிள்ளைகள் ஏன் வசனம் தெரியாமல் வளர்கிறார்கள் என்பதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

யுனைடெட் சர்ச் 1925இல் உருவானது. மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல் சபைகளும் பிரஸ்பிட்டேரியன்களில் பெரும்பகுதியும் ஒன்றாய்ச் சேர்ந்தன. 1960களின் நடுவில் அதன் அங்கத்தினர் தொகை 10 லட்சத்தைத் தாண்டி நின்றது. ஞாயிறு பாடசாலை அறைகள் நிரம்பி வழிந்தன. அந்த நேரத்தில், 1964இல், புதிய பாடத்திட்டம் ஒன்றைக் கொண்டு வந்தார்கள். 1950களின் தொடக்கத்திலிருந்தே அதற்காக வேலை நடந்தது. ஆசிரியர்கள் முதலில் தாங்களே படித்துத் தயாராகப் பெரியவர்களுக்கான நூல் 1962இலேயே வந்துவிட்டது.

அதில் இருந்த விஷயம் போதகர்களுக்குப் புதிதல்ல. ஆதியாகமத்தின் தொடக்கக் கதைகள் அறிவியல் அறிக்கை அல்ல, வேதாகமப் புத்தகங்களைப் பல காலத்தில் பல கைகள் எழுதின என்றெல்லாம் இறையியல் கல்லூரிகளில் பல பத்தாண்டுகளாகப் படிப்பித்து வந்தார்கள். ஆனால் படித்துவிட்டு வந்த போதகர்கள் அதைப் பிரசங்க மேடையில் சொல்லவில்லை. 1964இல் அது பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் வந்தபோதுதான் பெற்றோருக்கே தெரிந்தது! பத்திரிகைகள் எழுதித் தள்ளின. அதே பாடத்திட்டத்தைப் பயன்படுத்தவிருந்த ஒன்டாரியோ, கியூபெக் பாப்டிஸ்டுகள் விலகிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு பிள்ளைகளின் தொகை வேகமாக விழுந்தது. பாடத்திட்டம்தான் காரணம் என்று சிலர் இன்றும் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தப் பத்தாண்டில் பிறப்பு வீதமே குறைந்தது, இப்படியான எல்லாப் பெரிய சபைகளிலும் ஆட்கள் குறைந்தார்கள். ஆனால் ஒரு வடு நின்றுவிட்டது. எதைச் சொன்னாலும் யாராவது கோபிப்பார்கள் என்று பயந்து, பாடத்தை மெலிதாக்கிக்கொண்டே வந்தோம். ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போன கதையா, வேண்டாம். வெள்ளமா, மிருகங்களை மட்டும் நிறம் தீட்டுவோம். சிலுவையா, வண்ணத்துப்பூச்சி செய்வோம். நான் குற்றம் சொல்லவில்லை, இதையெல்லாம் நானும் செய்தேன். பயமுறுத்தாமல் இருக்க வேண்டும் என்று தொடங்கி, ஒன்றையுமே கொடுக்காமல் விட்டோம்.

நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. என் வகுப்பில் ஒரு ஞாயிறு ஆறு பிள்ளைகள், அடுத்த ஞாயிறு இரண்டு. நான்கு வயதும் பன்னிரண்டு வயதும் ஒரே அறையில். எப்போதும் இரண்டு பெரியவர்கள் அறையில் இருக்க வேண்டும், இருவரும் பொலிஸ் சான்றிதழ் எடுத்திருக்க வேண்டும். அது மிக அவசியமான விதி, ஒருபோதும் தளர்த்தக் கூடாது. ஆனால் இரண்டாவது ஆளைத் தேடியே பாதி வாரம் போய்விடும். ஹொக்கி பயிற்சியும் ஞாயிறு காலையில்தான். தொடர்ச்சியாக எட்டு வாரம் ஒரு கதையைக் கொண்டுபோகப் பிள்ளைகள் இருப்பதில்லை.

நெல்லைமகள்

அக்கா, 1964 கதை எனக்குத் தெரியவே தெரியாது. நன்றி. போதகர்கள் தெரிந்தும் சொல்லாமல் இருந்தார்கள் என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எங்கள் ஊர் ஐயர்களும் (போதகர்களை அப்படித்தான் சொல்வோம்) பெங்களூர், மதுரை இறையியல் கல்லூரிகளில் இதையெல்லாம் படித்துவிட்டுத்தானே வந்திருப்பார்கள்?

அண்ணாச்சி, அந்தப் பையனைப் பற்றி எழுதியதற்கு நன்றி. என் மகளும் அதே கேள்வியைத்தான் கேட்டாள். இன்னொன்றும் கேட்கிறாள்: "இது உண்மையா நடந்ததா, இல்ல கதையா?" நடந்தது என்று சொன்னால் நான் நம்பாததைச் சொல்கிறேன். கதை என்று சொன்னால் அவள் அதைக் கார்ட்டூன்களோடு சேர்த்துவைத்துவிடுவாள். நீங்கள் எல்லாரும் என்ன பதில் சொல்கிறீர்கள்?

அடையாறு டீச்சர்

நான் மாண்டிசோரிப் பள்ளி ஆசிரியை. உங்கள் கேள்விக்கு நேரான பதில் என்னிடம் இல்லை, ஆனால் அந்தக் கேள்வியைத் தாங்கிக்கொள்ளும் ஒரு முறை இருக்கிறது.

இந்த முறையை உருவாக்கிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் எங்கள் அடையாறுக்கு வந்தார். போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவில் இருந்தார், நடுவில் சில காலம் கொடைக்கானலில். அதற்கு முன்பே ஸ்பெயினில் பிள்ளைகளுக்குச் சமயக் கல்வியைத் தன் முறையில் கொடுத்துப் பார்த்தவர் அவர். அவருக்குப் பின் 1954இல் ரோம் நகரில் சோஃபியா கவல்லெட்டி என்ற எபிரேய அறிஞரும் ஜியான்னா கோபி என்ற மாண்டிசோரி ஆசிரியையும் அதை முழுமையாக வளர்த்தார்கள். மூன்று முதல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளுக்கு. மூன்று வயதுப் பிள்ளைக்கு முதலில் எதைக் கொடுப்பது என்று பல காலம் பிள்ளைகளையே கவனித்துப் பார்த்தார்கள். அவர்கள் கண்டது இயேசு சொன்ன நல்ல மேய்ப்பன் உவமை. பாவம், தண்டனை, தீர்ப்பு எதுவும் அந்த வயதுக்கான முதல் பாடம் அல்ல. பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஒருவர் இருக்கிறார், அவ்வளவுதான் முதல் பாடம். அங்கேயிருந்து தொடங்கினால் உங்கள் எட்டு வயதில் நடந்தது நடந்திருக்காது.

கவல்லெட்டியிடம் கற்ற ஜெரோம் பெர்ரிமன் என்ற அமெரிக்க எபிஸ்கோப்பல் குருவானவர் அமைத்ததுதான் காட்லி பிளே என்ற கதை சொல்லும் முறை. முற்போக்குச் சபைகள் பலவற்றில் இது இருக்கிறது. நான் எங்கள் சபையில் ஒன்பது பிள்ளைகளோடு செய்கிறேன். ஒரு பெட்டியில் மணல். மரத்தில் செய்த சின்ன மனிதர்கள். தரையில் வட்டமாக உட்காருவோம். கதை சொல்பவர் பிள்ளைகளைப் பார்க்காமல் மணலையே பார்த்துச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு அது சங்கடமாக இருந்தது. பிறகு புரிந்தது: நான் மணலைப் பார்த்தால் அவர்களும் மணலைப் பார்ப்பார்கள், என் முகத்தில் சரியான பதிலைத் தேட மாட்டார்கள்.

கதை முடிந்ததும் நான்கு கேள்வி. இதில் உனக்கு மிகவும் பிடித்தது எது? மிக முக்கியமானது எது? இதில் நீ எங்கே இருக்கிறாய்? எதையாவது விட்டுவிட்டாலும் நமக்குத் தேவையான கதை மிச்சம் இருக்குமா? பதில்களைத் திருத்தக் கூடாது, பாராட்டவும் கூடாது. கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒருமுறை காணாமற்போன ஆடு கதை: நூறு ஆட்டில் ஒன்று தொலைந்துபோக, மேய்ப்பன் மற்ற தொண்ணூற்றொன்பதையும் மலைமேல் விட்டுவிட்டு அதைத் தேடிப் போவான். ஒரு ஆறு வயதுப் பையன் நான்காம் கேள்விக்கு, "அந்தத் தொண்ணூற்றொன்பதை விட்டுடலாம்" என்றான். அருகில் இருந்த பெண், "அய்யோ, அதுங்க ராத்திரி தனியா இருக்கே, விடக் கூடாது" என்று அழவே ஆரம்பித்துவிட்டாள். அன்று முழுக்க அந்தத் தொண்ணூற்றொன்பதைப் பற்றித்தான் பேசினோம். "நடந்ததா நடக்கவில்லையா" என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் அந்த மலைமேல் இருந்தார்கள்.

பெரிய பிள்ளைகள் கேட்பார்கள், உங்கள் மகள் வயதில் கட்டாயம் கேட்பார்கள். அப்போது மழுப்பக் கூடாது. ஆனால் கதைக்குள்ளே போய் வந்த பிள்ளை கேட்கிற கேள்வி வேறு, வெளியே நின்று கேட்கிற கேள்வி வேறு.

இன்னொரு குறிப்பு: மணல் பெட்டிக்கும் பொம்மைகளுக்கும் பெரிய பணம் கொடுத்து வாங்க வேண்டாம். எங்கள் தச்சர் வேப்பமரத்தில் செய்து கொடுத்தார்.

சாலேம் சகோதரன்

எல்லாரையும் மதித்துத்தான் எழுதுகிறேன். நான் பெந்தெகொஸ்தே சபை. சகோதரியின் பயத்தைப் படித்து எனக்கும் வலித்தது, பிள்ளைகளை அப்படி மிரட்டக் கூடாது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். வெள்ளம் கதை, யோனா கதை என்று ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவீர்கள்? உயிர்த்தெழுதலும் கதையா? கிறிஸ்து எழுந்திருக்கவில்லை என்றால் விசுவாசமே வீண் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதவில்லையா? நீங்கள் சொல்லும் அதே யுனைடெட் சர்ச்சில், ஸ்கார்பரோவில், தன்னை நாத்திகர் என்று வெளிப்படையாகச் சொல்லும் போதகர் கிரெட்டா வோஸ்பர் ஊழியத்தில் தொடர்ந்தார். அந்தப் பாதையின் முடிவு அதுதானா? என் பிள்ளைகள் கஷ்டத்தில் கூப்பிட ஒருவர் உண்டு என்று அறிந்து வளர வேண்டும். "உனக்கு என்ன தோன்றுகிறது" என்பது ஒரு பிள்ளையைத் தாங்காது.

வின்னிபெக் அக்கா

தம்பி, நியாயமான கேள்வி. வோஸ்பர் விஷயத்தில் 2016இல் சபையின் விசாரணைக் குழு அவர் ஊழியத்துக்குத் தகுதியானவர் அல்ல என்று சொன்னது, பிறகு 2018இல் உடன்பாடு ஏற்பட்டு அவர் தன் சபையில் தொடர்ந்தார். எங்களுக்குள்ளேயே அதில் கடும் கருத்து வேறுபாடு இருந்தது. நான் அவர் வழி அல்ல. நான் தினமும் ஜெபிக்கிறவள்.

உங்கள் கடைசி வரியோடு எனக்குச் சண்டை இல்லை.

மதுரைப் போதகி

நான் சி.எஸ்.ஐ. குருவானவர். மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் படித்தவள். சாலேம் சகோதரனுக்கும் நெல்லைமகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இரண்டும் ஒரே கேள்வி.

தாவீது ராஜா தன் படைவீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைக் கொல்லவும் வைத்தபின், நாத்தான் தீர்க்கதரிசி அவனிடம் வந்து என்ன சொன்னார்? ஒரு ஊரில் ஒரு பணக்காரன், ஒரு ஏழை. ஏழையிடம் ஒரே ஒரு ஆட்டுக்குட்டி. அவன் சாப்பாட்டைத் தின்று, அவன் மடியில் படுத்து, மகளைப் போல வளர்ந்தது. பணக்காரன் விருந்தாளிக்கு அதைப் பிடித்துச் சமைத்தான். தாவீது கொதித்துப்போனான். "நீயே அந்த மனுஷன்" என்றார் நாத்தான். அந்த ஆட்டுக்குட்டி எந்த ஊரிலும் இருந்ததில்லை. ஆனால் அந்தக் கதையைவிட உண்மையான ஒன்று அன்றைக்கு அந்த அரண்மனையில் இல்லை. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இதை நான் முதலில் சொல்வேன். நடக்காத கதை பொய் அல்ல என்பது அவர்களுக்கு உடனே பிடிபடுகிறது. பிறகு ஆதியாகமம் முதல் அதிகாரத்தையும் இரண்டாம் அதிகாரத்தையும் அவர்களையே படிக்கச் சொல்வேன். ஒன்றில் மிருகங்களுக்குப் பிறகு மனிதர், மற்றதில் மனிதனுக்குப் பிறகு மிருகங்கள். அவர்களே கண்டுபிடித்துக் கத்துவார்கள். அதனால் ஒரு பிள்ளையும் விசுவாசத்தை விட்டுப் போனதை நான் பார்க்கவில்லை.

உயிர்த்தெழுதலை நான் விசுவசிக்கிறேன், சகோதரனே. அதற்கும் வெள்ளக் கதைக்கும் ஒரே தராசு இல்லை. வேதாகமம் ஒரு புத்தகம் அல்ல, ஒரு அலமாரி. பாட்டு, சட்டம், கடிதம், உவமை, சாட்சி எல்லாம் அதில் இருக்கின்றன. எது எது என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதும் வேதபாடம்தான்.

நரகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இயேசு பேசிய இடங்களில் பெரும்பாலும் நம் வேதாகமம் நரகம் என்று மொழிபெயர்த்திருப்பது கெஹன்னா என்ற சொல்லை. எருசலேமுக்கு வெளியே இன்னோம் பள்ளத்தாக்கு. பழைய நாளில் பிள்ளைகளைத் தீயில் பலி கொடுத்த இடம் அது. பிள்ளைகளை எரித்த இடத்தின் பேரைச் சொல்லியே நாம் பிள்ளைகளைப் பயமுறுத்தினோம் என்பதை நினைத்தால் எனக்குத் தாங்காது.

இன்னொன்று. முற்போக்கு என்றால் ஏதோ கனடாவிலும் அமெரிக்காவிலும் இருந்து வந்தது என்ற நினைப்பு இந்த விவாதத்தில் தெரிகிறது. எங்கள் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, எல்லாரும் பரட்டை அண்ணன் என்பார்கள், நாட்டுப்புற மெட்டில் ஆராதனையே அமைத்தார். இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தில் பிதாவே என்ற இடத்தில் "பெத்தவரே" என்று வைத்தார். ஆணுமில்லை பெண்ணுமில்லை, இரண்டும்தான். அம்மா ஞாபகமும் வரும், அப்பா ஞாபகமும் வரும். ஒரே உலையில் சமைத்து எல்லாச் சாதியும் ஒன்றாகச் சாப்பிடுவதுதான் நற்கருணையின் பொருள் என்று ஊர் ஊராகப் பாடிக் காட்டினார். கிராமத்துப் பிள்ளைகள் அந்தப் பாட்டுகளை மனப்பாடமாகப் பாடுவார்கள். கேள்வியும் மனப்பாடமும் அங்கே ஒன்றோடொன்று சண்டை போட்டதில்லை. வசனத்தையும் பாட்டையும் எடுத்துவிட்டுக் கேள்வியை மட்டும் கொடுத்தால், பிள்ளை எதைப் பற்றிக் கேட்கும்?

மிசிசாகா தம்பி

எனக்கு 23 வயது. இதே சபையில் ஞானஸ்நானம் பெற்று வளர்ந்தவன். என் தமிழில் பிழை இருந்தால் மன்னிக்கவும். உள்ளே இருந்து வளர்ந்த ஒருவனும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பத்து வயதில் எங்கள் வகுப்பு ஆசிரியை எங்களை உட்காரவைத்து, பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த விடுதிப் பள்ளிகளைப் பற்றிச் சொன்னார். அவற்றில் சிலவற்றை நடத்தியது நம் சபைதான் என்றார். "வேறு யாரோ செய்தார்கள்" என்று சொல்லவில்லை. 1986இல் சட்பரியில் சபை பூர்வகுடி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது, 1998இல் அந்தப் பள்ளிகளுக்காகத் தனியாக மீண்டும் கேட்டது, கேட்டதோடு முடியவில்லை என்றார். ஒவ்வொரு செப்டம்பர் 30இலும் அந்தப் பிள்ளைகளின் நினைவாக ஆரஞ்சு நிறச் சட்டை போடும்போது எனக்கு அந்த அறை நினைவுக்கு வரும். தன் பாவத்தைப் பிள்ளைகளிடம் மறைக்காத சபை என்ற ஒரே காரணத்துக்காக நான் இன்னும் இங்கே இருக்கிறேன்.

ஆனால் பல்கலைக்கழகத்தில் ஒரு முஸ்லிம் நண்பன் யாக்கோபு பற்றிப் பேசினான். எனக்கு யாக்கோபு யார் என்று தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. 19 வயதில்தான் வேதாகமத்தை முதலிலிருந்து படித்தேன். ஏணி, தேவதூதனோடு மல்லுக்கட்டு, நொண்டி நடந்தது... இவ்வளவு நல்ல கதையை ஏன் எனக்கு யாரும் சொல்லவில்லை என்று கோபம் வந்தது.

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று. எங்கள் சபையின் 1968 விசுவாச அறிக்கை. இப்போது நாங்கள் சொல்லும் வடிவம் நாம் தனியாக இல்லை என்று தொடங்கும், முடிவிலும் அதே வார்த்தை வரும். என் அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்த இரவில் அந்த வரியைத்தான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அது யாரும் கட்டாயப்படுத்திக் கற்பித்தது அல்ல. ஆராதனையில் சொல்லிச் சொல்லி வந்தது. அதனால் நெல்லைமகள் அக்கா, மகளை எல்லா வாரமும் கீழே வகுப்புக்கு அனுப்ப வேண்டாம். சில வாரம் மேலே உங்கள் பக்கத்தில் உட்காரட்டும். சலிப்பாக இருந்தாலும் காதில் விழும்.

பாளை ஆசிரியர்

தம்பி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் சபைப் பிள்ளைகளுக்கு யாக்கோபை நன்றாகத் தெரியும். ஆனால் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதி பார்த்த கதையை நான் ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. 31 வருடத்தில் ஒரு வகுப்பில்கூட.

போதகியம்மா, அந்த நாத்தான் பாடத்தை நீங்கள் எடுக்கிற முறையை எழுதி அனுப்ப முடியுமா? இப்போது சண்டே ஸ்கூலை என் மருமகள் எடுக்கிறாள். அவளிடம் கொடுக்கிறேன்.

சாலேம் சகோதரன்

போதகியம்மாவின் எல்லாக் கருத்தோடும் நான் ஒத்துப்போகவில்லை, வெள்ளம் நடந்தது என்றே நம்புகிறேன். ஆனால் இன்னோம் பள்ளத்தாக்கைப் பற்றி எரேமியாவில் எடுத்துப் படித்தேன். இனிமேல் என் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு அந்த நரகத் தீப் படத்தைக் காட்ட மாட்டேன். நெல்லைமகள் சகோதரிக்காக ஜெபிக்கிறேன்.

நெல்லைமகள்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொன்றையும் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆச்சியும் பேத்தியும் சங்கீதம் 23 படிக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு வசனம். ஆச்சி சொல்லச் சொல்ல இவள் தமிழிலேயே திருப்பிச் சொல்கிறாள். "தாழ்ச்சியடையேன்" என்ற சொல்லில் நாக்கு சிக்கும், இருவரும் சிரிப்பார்கள். பரிசுப் படத்துக்கு என் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். முடிந்ததும் அடையாறு டீச்சரின் நான்கு கேள்வி. ஆச்சிக்கு முதலில் பிடிக்கவில்லை. "வேதத்தில் எதை விடலாம்னு பிள்ளைகிட்ட கேட்கிறதா?" என்றார். நான் வற்புறுத்தவில்லை.

நேற்று ஐந்தாம் வசனம். "என் சத்துருக்களுக்கு முன்பாக நீர் எனக்கு ஒரு பந்தியை ஆயத்தப்படுத்தி" என்று ஆச்சி சொல்லிக்கொடுத்தார். பந்தி என்றால் கல்யாண வீட்டில் இலை போட்டுச் சாப்பிடுவது என்று விளக்கினார். இவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆச்சி, அந்தச் சத்துருக்கள் நின்னு பார்த்துட்டே இருப்பாங்களா? அவங்களுக்கு இலை போட மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டு, வேதாகமத்தை எடுத்து அந்த வசனத்தைத் தானே ஒருமுறை வாசித்தார். "எழுபது வருசமாச் சொல்றேன், எனக்கு இது தோணவே இல்ல பாப்பா" என்றார். அப்புறம், "நாளைக்கு உங்க டீச்சர்கிட்ட கேளு. என்ன சொல்றாங்கன்னு வந்து எனக்கும் சொல்லு" என்றார்.

இன்று காலை கேட்டிருக்கிறாள். வகுப்பில் மூன்று பிள்ளைகள்தானாம். பாதி நேரம் அதையே பேசினார்களாம். ஒரு பையன், எதிரிகள் முதலில் கை கழுவிவிட்டு வரட்டும், அப்புறம் இலை போடலாம் என்றானாம். ஆச்சி அதைக் கேட்டுவிட்டு, "அந்தப் பையன் யாரு வீட்டுப் பிள்ளை?" என்று இரண்டு முறை விசாரித்துவிட்டார். ஆறாம் வசனம் அடுத்த சனிக்கிழமை. அது முடிந்ததும் எதிர்வீட்டுப் பாட்டிக்காக முழுவதையும் சொல்லிப் பார்க்க வேண்டும் என்கிறாள். அவர் வீட்டுக் கதவுக்கு முன்னால் நின்றுதான் சொல்வாளாம். இப்போது அங்கே வேறு குடும்பம் வந்துவிட்டது, அவர்களிடம் முதலில் நான் போய்ப் பேச வேண்டும்.

டீச்சர், அந்த மணல் பெட்டியின் நீள அகலம் எவ்வளவு? எங்கள் வகுப்பு ஆசிரியை கேட்கச் சொன்னார். இங்கே வேப்பமரம் கிடைக்காது, மேப்பிள் போதும் என்கிறார்.